ஞாயிற்றுக்கிழமைக் கண்மாயும் சவரிமுத்து சாரும்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை காளவாசலில் பால் வாங்கிக்கொண்டு நின்றேன். எங்கள் பள்ளி வாட்ச்மேன் சைக்கிளை விட்டு இறங்காமலே, ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு சொன்னார்.

"சார், நம்ம சவரிமுத்து சார் தவறிட்டாருங்க. விடியக்காலம் நெஞ்சு வலிக்குதுன்னிருக்காரு. ஆட்டோ வர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சாம்."

முந்தின நாள் சாயங்காலம்தான் பள்ளி வாசலில் "நாளைக்குப் பார்ப்போம் சார்" என்று சொல்லிவிட்டுப் போனவர். பாலை வீட்டில் வைத்துவிட்டு, சட்டையைக்கூட மாற்றாமல் ஆரப்பாளையத்தில் அவர் வீட்டுக்கு ஓடினேன்.

மதியத்துக்குள் தெருமுக்குச் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டிவிட்டார்கள். பண்பாளர், கல்விச் செம்மல் என்றெல்லாம் போட்டிருந்தது. மறுநாள் பள்ளியில் நடந்த இரங்கல் கூட்டத்தில் தலைமையாசிரியர், சவரிமுத்து சார் ஒரு நாள்கூடத் தாமதமாக வந்ததில்லை என்று பேசினார். எல்லாம் உண்மைதான். ஆனால் மதுரைக்கு மேற்கே இருக்கிற கண்மாய்களில் தூண்டில் போட்டவர்களிலேயே மகா மட்டமான தூண்டில்காரர் அவர்தான் என்பதை ஒருவரும் சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி என்ன சொன்னாலும் பாதிதான் சொன்னதாகும். ஆகவே நான் எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அவர் எங்கள் மிஷன் பள்ளிக்குப் பூகோள ஆசிரியராக வந்து சேர்ந்தார். நான் அங்கே தமிழாசிரியன். பெயரைக் கேட்டதும் கடற்கரைக்காரர் என்றே எல்லோரும் நினைத்தோம். அவரோ உசிலம்பட்டிக்கு மேற்கே மழையை எதிர்பார்த்துக் கிடக்கும் ஒரு கரிசல் ஊர்க்காரர். "எங்க ஊர்ல மீனைக் கருவாடாத்தான் சார் பார்த்திருக்கோம்" என்பார். கரும்பலகையில் இந்தியாவின் படத்தைக் கையை எடுக்காமல் ஒரே இழுப்பில் வரைவார். கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. வகுப்பில் ஒருவனுக்குப் பாடம் ஏறவில்லை என்றால், மறுநாளும் அதே பாடத்தை அதே குரலில் முதலிலிருந்து தொடங்குவார். எனக்குத்தான் அந்தப் பொறுமையைப் பார்த்துப் பொறுமை போகும்.

பள்ளி அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தவர் கோமதி. தாயில்லாத பெண். அவருடைய அப்பா கணபதி, அரசு அலுவலகம் ஒன்றில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், பொன்மேனியில் வீடு. சவரிமுத்து சாரும் கோமதியும் கல்யாணம் செய்துகொள்வது என்று முடிவெடுத்தபோது, கிறிஸ்தவ மாப்பிள்ளை என்றதும் கணபதி குதித்த குதியில் பொன்மேனியே வேடிக்கை பார்த்தது. கடைசியில் ரிஜிஸ்தர் ஆபீசில்தான் கல்யாணம் நடந்தது. சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். சேதி தெரிந்து அந்த வாசலுக்கே வந்துவிட்டார் கணபதி.

"எனக்கு ஒரு மக இருந்தா. இன்னையோட இல்ல. அவ வாசலை நான் மிதிக்க மாட்டேன், என் வாசலை அவ மிதிக்கக் கூடாது" என்றார். என்னையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

கோமதி அதற்காக ஊரைக் கூட்டி அழுகிறவர் அல்லர். ஆனால் அப்பா ஒரு வார்த்தை பேசவேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு குறையே இல்லை என்பது அந்த வீட்டுக்குள் போனவர்களுக்கெல்லாம் தெரியும். சமாதானம் பேசப் பொன்மேனிக்குப் போன பெரியவர்களும் உறவுக்காரர்களும் காபிகூடக் கிடைக்காமல் திரும்பி வந்தார்கள். அப்போது ஒரு நாள் கோமதி பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை ஆனா அப்பா கண்மாயிலதான் இருப்பாக. அம்மா போனதுலேர்ந்து அப்பிடித்தான். தூண்டிலப் போட்டுட்டு உக்காந்துருவாக."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்த கையோடு சவரிமுத்து சார் என் வீட்டு வாசலில் சைக்கிள் மணியை அடித்தார். ஹேண்டில்பாரில் ஒரு மூங்கில் கம்பு கட்டியிருந்தது. கேரியரில் தவிடும் கடலைப் புண்ணாக்கும் பிசைந்த பொட்டலம்.

"எங்கே சார் போறீங்க?" என்றேன்.

"மீன் பிடிக்க. துணைக்கு வாங்க சார்."

கீழக்குயில்குடிக்குப் போகிற வழியில், சமணர் மலை தெரியும் தூரத்தில் அந்தக் கண்மாய். கரையில் ஒரு கருவேல மரத்தடியில் கணபதி உட்கார்ந்திருந்தார். வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருப்பார். அதை அவர் யாருக்காகவும் இறக்குவதில்லை. ஒரு முறை தாசில்தார் ஜீப்பை நிறுத்தி இறங்கி வந்து பேசியபோதும் மடித்தது மடித்தபடிதான் நின்றார். ரிடையர் ஆன பிறகு யாருக்கும் மரியாதை காட்ட வேண்டியதில்லை என்பது அவர் கணக்கு. சவரிமுத்து சார் அவருக்கு அடுத்த மரத்தடியில் போய்த் தூண்டிலைப் போட்டார். கணபதி திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான். எழுந்து போகவும் இல்லை, பேசவும் இல்லை.

அந்தக் கண்மாயில் கட்லா என்கிற பெருந்தலைக் கெண்டை விட்டிருந்தார்கள். தூண்டில்காரனைப் பைத்தியமாக்குவதற்கென்றே பிறந்த மீன் அது. பக்கத்தில் வந்து புரளும், வாலால் தண்ணீரை அடித்துக் காட்டும், இரையை மட்டும் தொடாது. கணபதிக்கே மாதம் ஒன்று கிடைத்தால் அதிகம். எங்கள் ஆளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பொடி மீன்கள் இரை உருண்டையைக் கரைத்துத் தின்றுவிடும். ஆமை நூலை அறுத்துக்கொண்டு போகும். ஒரு தடவை வீசிய வேகத்தில் தூண்டில் முள் என் சட்டைக் காலரில் மாட்டியது. சித்திரை வெயிலில் தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஐப்பசி மழையில் குடையைக் கம்புக்குப் பிடிப்பதா தலைக்குப் பிடிப்பதா என்று தெரியாமல் இரண்டும் நனையும். வெறுங்கையோடு திரும்பும்போது ஒவ்வொரு தடவையும் அதையேதான் சொல்வார்: "பரவாயில்ல சார். ஞாயித்துக்கிழமை திரும்ப வரும்ல."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "சார், நீங்க வந்தது மீனுக்கில்லன்னு எனக்கும் தெரியும், அந்த மனுசனுக்கும் தெரியும். நேரா போய்ப் பேசித் தொலைங்களேன்" என்றேன் ஒரு நாள்.

அவர் தண்ணீரில் மிதக்கும் தக்கையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இது அவரு இடம் சார். மத்த ஆறு நாளும் அந்த வீட்ல தனியா கெடக்காரு. நான் பேசப்போனா இங்கேர்ந்தும் எந்திரிச்சுப் போயிருவாரு. அவருக்கும் ஞாயித்துக்கிழமை இல்லாமப் போயிரும். பேசுறதா இருந்தா அவரே பேசட்டும். நான் மீன் பிடிக்கிறேன்."

வெயில் வேண்டாம் என்று நினைத்தாலும் மறுவாரமும் போனேன்.

அப்படியே ஒரு வருடம் போயிற்று. கோமதிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அந்த ஞாயிறு கரையில் சவரிமுத்து சார் என்னிடம் கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்: "சார், தாயும் பிள்ளையும் நல்லா இருக்காக." பக்கத்தில் நிற்கிற எனக்கு அந்தச் சத்தம் தேவையே இல்லை. கணபதி தூண்டிலை இழுத்துப் பார்த்தார், திரும்ப வீசினார். முள்ளில் இரை வைக்க மறந்துவிட்டார். வெறும் முள்ளைப் போட்டுவிட்டு வெகுநேரம் தக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சவரிமுத்து சாரைப் பார்த்தேன். அவரும் அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

இனி வந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். வரவில்லை. ஞானஸ்நானத்துக்கும் வரவில்லை. குழந்தை தவழ்ந்து, நடந்து, மழலை பேசத் தொடங்கியது. அதற்குள் கோமதி வாசல் பக்கம் பார்ப்பதை நிறுத்தியிருந்தார். "போதும்ங்க, வெயில்ல கெடந்து நீங்க ஏன் கருகணும்" என்று என் முன்னாலேயே கணவரிடம் சொன்னார். அவர் புண்ணாக்கைப் பிசைந்துகொண்டே, "எனக்கு அந்தக் கட்லாவ ஒரு தடவ பாத்துரணும் கோமதி" என்றார். கோமதி சிரித்துவிட்டு உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தை மாதம் என்று நினைவு. கண்மாய் நிறைந்திருந்தது. சவரிமுத்து சாரும் மாமனாரைப் போலவே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். திடீரென்று தக்கையைக் காணோம். கம்பு வில்லாக வளைந்தது. கரையில் சேறு வழுக்க, மனிதர் இரண்டு கையாலும் கம்பைப் பிடித்துக்கொண்டு கிணற்றில் தண்ணீர் இறைப்பதுபோல் இழுக்க ஆரம்பித்தார். தண்ணீருக்கு மேல் ஒரு முறை மீனின் முதுகு தெரிந்தது. அந்த அகலத்தை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

அடுத்த மரத்தடியிலிருந்து ஒரு குரல் வெடித்தது. "இழுக்காதய்யா! இழுக்காத! கம்ப நிமித்திப் பிடி! அது போற போக்குல விடு!"

சவரிமுத்து சார் திரும்பினார். கணபதி எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்துத்தான் கத்தினார். மாமனார் முதன்முதலாகத் தன்னிடம் பேசுகிறார். அந்த நேரத்தில் எங்கள் சார் செய்த காரியத்தை இன்றைக்கு நினைத்தாலும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. பெரியவர் பேசும்போது மடித்த வேட்டியோடு நிற்கலாமா? கம்பிலிருந்து ஒரு கையை எடுத்து, அவசர அவசரமாக வேட்டியை இறக்கிவிட்டார்.

மிச்சமிருந்த ஒரு கையால் அந்த மீனைப் பிடிக்க முடியுமா? கம்பு கையை விட்டு உருவிக்கொண்டு போயிற்று. நடுக்கண்மாய் வரைக்கும் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போய், ஒரு ஆட்டம் ஆடி, உள்ளே போய்விட்டது.

பிறகு கணபதி நடந்து வந்தார்.

"வேட்டியவா இறக்குன? அம்புட்டுப் பெரிய மீன் வாயில கம்பக் குடுத்துட்டு வேட்டிய எறக்குறவன இன்னைக்குத்தான்யா பாக்குறேன்!"

"நீங்க பேசுனீக மாமா" என்றார் சவரிமுத்து சார்.

அதைக் கேட்டு அந்த மனிதரின் முகம் மாறியது. மாறினாலும் வாய் நிற்கவில்லை. "ரெண்டு வருசமா பாத்துக்கிட்டிருக்கேன். கட்லா மேல்தண்ணியில மேயிற மீனு. நீ அடித்தரையில கொண்டுபோய்ப் போடுற. உருண்டைய எலுமிச்சம்பழம் கணக்கா பிடிக்கிற. சொல்லலாம் சொல்லலாம்னு எத்தன ஞாயித்துக்கிழம நாக்கக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன் தெரியுமா?" என்று பொரிந்து தள்ளினார். எங்கள் ஆள் கையைக் கட்டிக்கொண்டு, வகுப்பில் நிற்கும் பையனைப்போல் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். திட்டித் தீர்ந்ததும் கணபதி தன் தூண்டிலைச் சுற்றி வைத்தார். சுற்றிக்கொண்டே, எங்களைப் பார்க்காமல் கேட்டார்.

"பிள்ளைக்கு என்ன பேரு?"

"தங்கம் மாமா. அத்தை பேருதான்."

தங்கம் என்பது அவருடைய இறந்துபோன மனைவியின் பெயர். கணபதி தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு, கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நாங்கள் இருவரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு அவரே எழுந்து சவரிமுத்து சாரின் சைக்கிள் கேரியரில் ஏறி உட்கார்ந்தார். "போங்க மாப்ள" என்றார்.

காளவாசல் நெரிசலில் அந்தச் சைக்கிள் முன்னால் போக, நான் பின்னால் போனேன். ஆரப்பாளையம் வீட்டு வாசலில் அப்பாவைப் பார்த்ததும் கோமதி குழந்தையைத் தூக்கி அவர் கையில் கொடுத்துவிட்டு, அடுப்பில் உலை வைக்கப் போனார். மீன் இல்லாத மீன்காரர்கள் மூன்று பேரும் அன்றைக்கு அந்த வீட்டில் ரசம் சாப்பிட்டோம்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் இருவரும் ஒரே மரத்தடியில் உட்கார்ந்தார்கள். சவரிமுத்து சார் பிறகு தேறிவிட்டார் என்று எழுதத்தான் எனக்கும் ஆசை. தேறவில்லை. ஆடிக்கொன்று அமாவாசைக்கொன்று என்று அரை முழக் கெண்டை எதையாவது கரையேற்றுவார். மாமனார் நாள் முழுக்கத் திட்டுவார், மருமகன் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பார். "இந்தக் கையி பூகோளப் படம் போடத்தான் லாயக்கு மாப்ள" என்பார் கணபதி. "பரவாயில்ல மாமா, ஞாயித்துக்கிழமை திரும்ப வரும்ல" என்பார் இவர். போன ஞாயிறும் போயிருக்கிறார்கள்.

செவ்வாய் மாலை கல்லறைக்கு எடுக்கும் முன் பெட்டியை வாசலில் வைத்திருந்தார்கள். கோமதியின் பக்கத்தில் தங்கம் பள்ளிச் சீருடையோடு நின்றாள். கணபதிக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. தெருமுக்கிலிருந்தே தனியாக நடந்து வந்தார், எப்போதும்போல வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு. கூட்டம் வழிவிட்டது. பெட்டியின் அருகில் வந்து குனிந்து முகத்தைப் பார்த்தார்.

"கம்ப விட்டுட்டீகளே மாப்ள" என்றார்.

பிறகு நிமிர்ந்து, மடித்த வேட்டியை அவிழ்த்து, கணுக்கால் வரை இறக்கிவிட்டார். பெட்டியை மூடும்வரை அப்படியே நின்றார்.

போய் வாருங்கள் சார். இந்த ஞாயிறு உங்கள் மாமாவைக் கேரியரில் வைத்து நான் கூட்டிக்கொண்டு போகிறேன்.