எட்டாவது தட்டல்

“எட்டுப் பேரும் வரிசையா சுவத்துல தட்டணுமா, வார்டனம்மா? என் அடுக்களையில ஏனமெல்லாம் ஆடுது.”

“இருக்கிறதே ஏழு பேருதான், அக்கா. கத்தாதீங்க.”

எனக்கு எண்ணத் தெரியாதாம். நம்பாதவர்கள் நம்பவேண்டாம், நடந்தது எனக்குத்தானே.

தையல் ஆலையில் பூட்டிவைத்து வேலை வாங்கப்பட்ட பெண்களை மீட்டுப் பக்கத்து வீட்டில் வைத்திருந்தார்கள். பெயர்ப்பலகை கிடையாது. வழக்கு முடியும்வரை, அவர்களை விற்ற தரகன் கண்ணில் படக் கூடாது. பரம ரகசியம். அது என் காதுக்கு வந்தபின் எத்தனை நாள் ரகசியமாக இருக்கும் என்பது வேறு கதை.

தினமும் மதியம் மூன்று பத்துக்குத் தட்டுவார்கள். ஆளுக்கு ஒன்று. எண்ணினால் எட்டு.

அந்த வியாழக்கிழமை சாட்சி சொல்ல எல்லோரும் கோர்ட்டுக்குப் போயிருந்தார்கள். பூட்டைப் பார்த்தேன். அதையும் பார்ப்பேன்.

மணி மூன்று. வாசலில் ஓர் ஆள். வெள்ளைச் சட்டை, கையில் பழப்பை. தண்ணீர் கேட்டார், உட்காரச் சொன்னேன்.

“தையல் ஆலையிலிருந்து வந்த பொண்ணுக்குத் தாய்மாமன்க்கா நான். எந்த வீட்ல இருக்குங்க?”

பார்க்கப் பாவமாக இருந்தது. என் வாய்தான் ஊரறிந்த ஓட்டை வாயாயிற்றே. “இதோ, அடுத்த...”

டொக்.

மணி மூன்று பத்து.

பூட்டிய வீட்டிலிருந்து... ஒரே ஒரு தட்டல்.

டொக்.

இந்த முறை என் அடுக்களையில்.

டொக்.

அவர் நாற்காலிக்குப் பின்னால்...

அங்கே யாருமில்லை.

அவர் முகம் வெளுத்தது. “அவளைத்தான் அன்னிக்கே...” என்றவர் நிறுத்திக்கொண்டார்.

பழப்பை கிடந்தது. ஆள் இல்லை.

பிறந்ததிலிருந்து அன்றுதான் என் வாய் தானாக மூடியது.

மாலையில் வார்டனம்மாவிடம் சொன்னேன். போலீசுக்குப் போன் போட்டுவிட்டு உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். ஆலையில் தனித்தனி அறையாம். உயிரோடிருக்கிறேன் என்று சொல்ல, மூன்று பத்துக்கு ஆளுக்கு ஒரு தட்டு. கடைசி, எட்டாவது அறைத் தட்டல் ஒருநாள் வரவில்லை. மீட்க ஆள் வந்தபோது அந்த அறை கழுவிவிடப்பட்டுக் காலியாகக் கிடந்ததாம்.

அந்த அறைப் பெண் தரகனின் சொந்த அக்கா மகள். அவன் என்னிடம் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

அன்றே பெண்களை வேறு ஊருக்கு மாற்றினார்கள். மறுவாரம் அவன் பிடிபட்டான். அந்த ஏழு பேரில் மூத்தவளுக்குப் போன வருஷம் கல்யாணம். எனக்குப் பத்திரிகை இல்லை. என் வாயைத் தெரிந்தவர்கள்.

புகுந்த வீட்டிலும் மூன்று பத்துக்கு அவள் சுவரில் ஒரு தட்டுத் தட்டுகிறாளாம். அந்தப் பக்கம் வெறும் காலிமனை.

பதில் வருகிறதாம்.