தோள் இறுகிய வருடம் அம்மன் கொடுத்த பூ

போன தீபாவளி முடிந்த கையோடு வலது தோளில் வலி தொடங்கியது. சில வாரங்களில் என் தலையை நானே வார முடியாமல் போனது. சீப்பைப் பிடித்த கை காதுக்கு மேலே ஏறவில்லை. சட்டை மாட்டுவதே பெரும்பாடு. படுக்கையில் அந்தப் பக்கம் புரண்டால் உயிர் போகும். நான் கண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு வலைப்பந்து பழக்குகிறவள். ஐம்பதை நெருங்கியும் கோல் போடுவதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று கொஞ்சம் திமிரும் உண்டு. அந்தத் திமிரெல்லாம் ஒரு சீப்பிடம் தோற்றது. அழுதேன்.

என் வீட்டுக்காரருக்குக் கட்டுகஸ்தோட்டையில் பலசரக்குக் கடை. கடை திறக்கப் போகுமுன் அவர்தான் எனக்குச் சடை பின்னிவிட்டார். வெங்காய மூட்டையைக் கட்டுகிற மாதிரி இறுக்குவார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

பந்து எறிந்து எறிந்து ஏதோ பிசகிவிட்டது, ஓய்வு கொடுத்தால் சரியாகும் என்று நானே முடிவு கட்டினேன். எங்கள் அம்மன் கோயில் ஆடித் திருவிழாவுக்கு வருடா வருடம் பால்குடம் எடுப்பேன். இரண்டு கையாலும் குடத்தைப் பிடித்தால்தான் எனக்குத் திருப்தி. அதனால் தைப்பூசத்தன்று ஒரு நேர்த்தி வைத்தேன். "தாயே, ஆடி வரைக்கும் இந்தக் கையை அசைக்கவே மாட்டேன். அன்னைக்கு ஒன் குடத்தத் தூக்க இதத் திருப்பிக் குடு." சால்வையால் கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். வலி கொஞ்சம் அடங்கியது. ஆனால் கை மரக்கட்டையாகிப் போனது.

மாசியில் வீட்டுக்காரர் என்னை வற்புறுத்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். இரத்தம் சோதித்ததில் சீனி வியாதி இருப்பது தெரிந்தது. தோள்மூட்டைச் சுற்றியிருக்கும் உறை இறுகிப்போயிருக்கிறது, அதைத்தான் ஃப்ரோஸன் ஷோல்டர் என்கிறார்கள், சீனி உள்ளவர்களுக்கும் நாற்பது தாண்டிய பெண்களுக்கும் அதிகம் வரும் என்றார் டொக்டர். பாவம், பந்து ஒரு குற்றமும் செய்யவில்லை. பயிற்சி கொடுக்கிற பிசியோதெரபி மிஸ் பக்கத்து ஊரான மடவளைக்காரர். சால்வையைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"அக்கா, இப்பிடிக் கட்டி வெச்சா இன்னும் இறுகும். கொஞ்சம் கொஞ்சமா அசைக்கோணும்."

"நேர்த்தி வச்சிருக்கேன் மிஸ்."

"நேர்த்தியப் பத்தி எனக்குத் தெரியா அக்கா. இந்தக் கையப் பத்தித் தெரியும்."

வீட்டுக்கு வந்தும் மனம் ஆறவில்லை. அசைத்தால் அம்மனிடம் சொன்ன வாக்குத் தவறும். அசைக்காவிட்டால் கை போய்விடும். கடைசியில், பூக்கட்டிக் கேட்போம் என்றேன். வெள்ளைப் பூ வந்தால் கையைக் கட்டியே வைப்பது, சிவப்பு வந்தால் மிஸ் சொன்னபடி அசைப்பது. ஒற்றைக் கையால் இரண்டு பொட்டலம் மடிக்க முடியுமா? வீட்டுக்காரர்தான் அலரிப்பூ பறித்து, இலையில் சுற்றி, நூல் கட்டினார். வெள்ளிக்கிழமை பூசாரி ஐயா இரண்டு பொட்டலத்தையும் அம்மன் காலடியில் வைத்தார். கண்ணை மூடி வேண்டிக்கொண்டு, இடது கையால் ஒன்றை எடுத்துப் பிரித்தேன். சிவப்பு அலரி. அந்த இடத்திலேயே சால்வையை அவிழ்த்துவிட்டேன்.

அதற்குப் பிறகு பட்ட பாடு சொல்லி மாளாது. குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டுவேன். சுவரில் விரல்களை எறும்பு ஊர்வது மாதிரி மேலே ஏற்றுவேன். சீனி வியாதிக்கு மாத்திரை, குடிப்பதற்குச் சீனி போடாத வெறும் தேத்தண்ணி. அம்மன் உத்தரவு என்ற தைரியம் மட்டும் இல்லாவிட்டால் இரண்டாம் நாளே விட்டிருப்பேன். சித்திரையில் சீப்பு காதைத் தாண்டியது. அன்றைக்கும் அழுதேன், ஆனால் அது வேறு அழுகை.

ஆடி வந்தது. குடம் என் தலையில். இரண்டு கையும் குடத்தில். வலது கை முழுக்க வளைந்து கொடுக்கவில்லை, ஆனாலும் பிடித்துக்கொண்டது. பாலை ஊற்றிவிட்டு நெஞ்சு நிறைந்து நின்றேன். பூசாரி ஐயா பக்கத்தில் வந்தார்.

"இப்ப சொல்லலாம்மா. அன்னைக்கு நீங்க எடுக்காத பொட்டலத்தப் பொறகு நான் பிரிச்சேன். அதுலயும் செவப்புதான் இருந்துச்சு."

நேரே அன்னதானப் பந்திக்குப் போனேன். வீட்டுக்காரர் பருப்பு வாளியோடு நின்றார்.

"அம்மன் முன்னுக்கே கள்ளத்தனம் பண்ணுனீங்களா?"

அவர் வாளியைக் கீழே வைக்கவில்லை. "வெள்ளப் பூவும் பறிக்கத்தான் போனேன். மனசு வரல. அம்மன்கிட்ட சொல்லிட்டுத்தான் கட்டுனேன். குத்தம்னா என்னயத் தண்டி, அவ கைய விட்டுருன்னு."

கோபம் வந்த வேகத்திலேயே போய்விட்டது. நான் என் கைக்காக வேண்டினேன். அந்த மனுஷன் என் கைக்காகத் தன்னையே பணயம் வைத்து வேண்டியிருக்கிறார். தாயே, உனக்குக் கோடி நமஸ்காரம்.

அன்பானவர்களே, எல்லாத் தோள்வலியும் என்னுடையது போல இருக்காது. சில வலிக்கு ஓய்வுதான் மருந்தாம். ஆகவே என்னைப்போல நீங்களே முடிவு கட்டாமல் டொக்டரிடம் காட்டுங்கள். சீனியையும் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மனிடமும் மனம்விட்டுக் கேளுங்கள். கட்டாயம் கொடுப்பாள். எந்தக் கையால் கொடுக்க வேண்டும் என்று மட்டும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.