பத்துக்கு மூன்று

என் அத்தைக்கு வந்த முதல் காதல் கடிதத்துக்குப் பத்துக்கு மூன்று மதிப்பெண் போட்டவள் நான். அதுவும் சிவப்பு மையில்.

1991. படப்பையில் ஏழாம் வகுப்பு. ஹி, ஷி, இட் வந்தால் ஆங்கில வினைச்சொல்லுக்கு எஸ் என்று ஒரு வால் வைக்க வேண்டும், சிலவற்றுக்கு ஈஎஸ், ஒய்யில் முடிந்தால் பெரும்பாலும் அந்த ஒய்யைத் துரத்திவிட்டு ஐஈஎஸ் என்று டீச்சர் அந்த மாதம்தான் சொல்லிக்கொடுத்திருந்தார். தீப்பெட்டியில் ஆங்கிலம் இருந்தாலும் வால் தேடிக்கொண்டிருந்தேன்.

அத்தைக்கு நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளைக்கு ஊர் சுங்குவார்சத்திரம். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. அவர் அப்பா ஸ்கூட்டர் கேட்டிருந்தார். அதற்காகத் தாத்தா வல்லத்திலிருந்த அரைக் காணி நிலத்தை விற்க ஆள் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியவர்களுக்குப் புரியக் கூடாதென்று மாப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். எட்டாவதோடு நின்றுவிட்ட அத்தைக்கும் புரியவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு கடிதத்தை என்னிடம் நீட்டினாள்.

“இன்னாடீ எழுதிகீறாரு?”

“ஒம்போது தப்பு, அத்த.”

“அட, விஷயத்த சொல்டீ.”

“அவுங்கம்மா கவலப்படுதாம், அதுல ஒய் அப்டியே நிக்குது. அவுங்கப்பா ஸ்கூட்டர் கேக்குறாராம், அதுல எஸ்ஸே இல்ல.”

அத்தை முகம் சுருங்கியது. “அதான் தெரியுமே. நல்லபடியா ஒரு பதில் எழுதிப் போடு.”

‘எனக்கு அது வேண்டாம்’ என்ற அடுத்த வரியை நான் சொல்லவேயில்லை. அதில் திருத்த ஒன்றுமில்லை.

பதில் எதற்கு? அந்தக் கடிதத்தையே திருத்தி அனுப்பினேன். குறைந்த மதிப்பெண் வாங்கினால் எங்கள் பள்ளியில் எழுதுவதைக் கடைசியில் நானும் எழுதினேன்: அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வரவும்.

மூன்று வாரம் ஒன்றும் வரவில்லை. தபால்காரரின் மணி கேட்டால் வாசலுக்கு ஓடிய அத்தை, பிறகு ஓடுவதையும் விட்டுவிட்டாள். மாப்பிள்ளை மனசு மாறிவிட்டாரோ என்று வீடே குசுகுசுத்தது. நான் சிவப்புப் பேனாவைப் பைக்குள் ஒளித்து வைத்தேன்.

ஒரு மத்தியானம் மாப்பிள்ளையின் அப்பாவே வந்து இறங்கினார். தாத்தா முன்னால் கடிதத்தை விரித்தார். என் சிவப்பு மைக்குக் கீழே, தமிழில், அவருடைய கையெழுத்து.

“பொண்ணு வூட்ல கேக்குறாங்கன்னு பையன் நீட்னான், சம்மந்தி. போட்டுட்டேன். அப்பால படிச்சுக் காட்றான், ஸ்கூட்டர் வேணாம்னு எழுதிகீதாம். கையெழுத்து போட்டாச்சு, இன்னா பண்றது?” என்றவர், காபியை ஒரே மூச்சில் குடித்தார்.

நிலம் தப்பியது. கல்யாணமும் நடந்தது. மதிப்பெண்ணைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லையே என்பதுதான் என் குறை.

தலை தீபாவளிக்கு அத்தையையும் மாமாவையும் அழைத்துவர அப்பாவோடு போனேன். திரும்பும்போது பஸ்ஸில் நிற்க இடமில்லை. அந்த நெரிசலிலும், நிலத்தைக் காப்பாற்றியது என் சிவப்புப் பேனாதான் என்று அத்தையிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

ஒரு கையால் பட்டுப்புடவையையும் மறு கையால் கம்பியையும் பிடித்தபடி அத்தை சொன்னாள்:

“நீ சும்மா இருந்திருந்தா, நான் இந்நேரம் ஸ்கூட்டர்ல போய்கினு இருப்பேன்டீ.”