கதவுக்குள் விழுந்த தோடு

என் மகளின் இடது காது கிழிந்து இரண்டாகத் தொங்கியதைப் பார்த்தபோது எனக்கு அழுகை வரவில்லை. யார் கிழித்தது என்று மட்டும் கேட்டேன். தையல் போட்ட பிறகுதான் வாயைத் திறந்தாள். காரில் போகும்போது பேச்சு முற்றி, அவள் புருசன் வண்டியை ஓரம் நிறுத்தி, முடியைப் பிடித்துத் தலையைக் கதவோடு மோதியிருக்கிறான். பாதி இறக்கியிருந்த கண்ணாடியின் இடுக்கில் தோடு மாட்டியது. அவன் முடியை இழுத்த இழுப்பில் காதைக் கிழித்துக்கொண்டு கதவுக்குள்ளேயே விழுந்துவிட்டது.

தையல் பிரிப்பதற்குள் மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள் வந்தது. பையன் கையே ஓங்கவில்லையாம், பெண் பாத்ரூமில் வழுக்கி விழுந்தாளாம். இரண்டு வீட்டுக்கும் பொதுவான ஊர்ப் பெரியவரை வைத்துப் பேசி அழைத்துப் போகிறார்களாம். பெரியவர் 'போ' என்றால் போகத்தான் வேண்டும். அவர் பேச்சை மீறினால் எங்கள் பங்காளிகள் ஒருவரும் எங்கள் வாசல் மிதிக்க மாட்டார்கள். என் வீட்டுக்காரரும் உயிரோடு இல்லை.

நான் நேராக சீட் கவர் கடைக்குப் போய், கார்க் கதவின் உள்பக்க அட்டையை எப்படிக் கழற்றுவது என்று கேட்டேன். கடைக்காரர் சிரித்தார்.

"உங்களுக்கு எதுக்குங்க ஆத்தா அதெல்லாம்?"

"சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

கைப்பிடிக் குழியில் இருக்கும் ஸ்க்ரூவை முதலில் எடுக்க வேண்டும். ஓரம் முழுக்க பிளாஸ்டிக் கிளிப்புகள் ஓட்டையில் கவ்விக்கொண்டிருக்கும். பட்டையாக எதையாவது கிளிப்பை ஒட்டிச் செருகி நெம்பினால் ஒவ்வொன்றாக விடும். கீழ் ஓரத்தில் பொத்தான் மாதிரி ஒன்று; அதன் நடு ஆணியைக் கிளப்பினால்தான் அது கழலும். ஒரு ஸ்க்ரூ டிரைவரையும் தோசைத் திருப்பியையும் பையில் போட்டுக்கொண்டேன்.

ராசிபுரத்துக்குப் பக்கம் அவர்கள் வீடு. பேச்சுக்குக் குறித்த நாளில், காது தெரியாமல் முக்காடு போட்ட மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் கட்டில் போட்டுப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். நாங்கள் சீராகக் கொடுத்த கார் பூட்டாமல் நின்றது. நான் அதன் கதவைத் திறந்து சாத்தினேன். உள்ளே ஏதோ உருண்டது.

"கேட்டீங்களா? எம்புள்ள தோடு."

"சில்லறக் காசு உழுந்திருக்கும்," என்றாள் சம்பந்தி.

நான் தரையில் உட்கார்ந்து ஸ்க்ரூவைக் கழற்றினேன். கீழே இருந்த பொத்தானின் ஆணியைக் கிளப்பி எடுத்தேன். திருப்பியை இடுக்கில் விட்டு நெம்பினேன். 'டப்'பென்று முதல் கிளிப் விட்டது. இரண்டாவது உடைந்து முகத்தில் தெறித்தது.

"அத்தை, வண்டிய உடுங்க. மரியாதையா சொல்றேன்," என்று மாப்பிள்ளை என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். அவன் நகங்கள் சதைக்குள் இறங்கின. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவனிடம் 'வாங்க, போங்க' தவிர நான் பேசியதில்லை.

"கைய எடுடா."

எடுக்கவில்லை. திருப்பியை மறு கைக்கு மாற்றி, அதன் விளிம்பால் அவன் விரல் முட்டியில் ஓங்கி அடித்தேன். தோல் பிய்ந்தது. அவன் கத்திக்கொண்டு பின்வாங்க, சம்பந்தி வந்து என் கொண்டையைப் பிடித்து இழுத்தாள். நான் கதவை விடவில்லை. இரண்டு கையாலும் அட்டையைப் பற்றி, காலைக் கதவில் உதைத்து, மொத்தமாகப் பிடுங்கினேன். மீதிக் கிளிப்புகள் எல்லாம் பட்டாசு போல வெடித்தன. அட்டை ஒயரில் தொங்கியது.

"உடும்மா அவிய முடிய," என்றார் பெரியவர். சம்பந்தி விட்டாள்.

உள்ளே ஒட்டியிருந்த பாலிதீன் தாளைக் கிழித்து, தகரத்து ஓட்டைக்குள் கையை விட்டேன். தகர விளிம்பு உள்ளங்கையை அறுத்தது. அடியில் துழாவி எடுத்து, ரத்தக் கையோடு பெரியவர் முன்னால் நீட்டினேன். தோட்டின் தண்டில் திருகாணி கழலாமல் இருந்தது. அதற்கும் பூவுக்கும் நடுவே, காய்ந்த தோல் துண்டு.

"பாத்ரூம்ல வழுக்கி உழுந்தா தோடு காருக்குள்ள வருமுங்களா?"

பெரியவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். மாப்பிள்ளை பக்கம் திரும்பவே இல்லை. ஆனாலும் சொன்னார், "பையன் கோவக்காரன். கை நீட்டிப்புட்டான், தப்புதான். அதுக்காவ குடும்பத்தப் பிரிக்கறதா சாமி?"

என் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பேன். அதற்குள், அதுவரை தலை நிமிராமல் நின்ற மகள் முக்காட்டை விலக்கினாள்.

"இன்னொரு காது பாக்கி இருக்குதுங்க தாத்தா. அதையும் குடுத்துட்டு வரட்டுங்களா?"

பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"இந்தப் புள்ள இனி இந்த ஊட்டுக்கு வராது," என்று சம்பந்தியிடம் சொன்னார். "ஆரும் கேட்டுப் போவக் கூடாது."

கலைந்த கொண்டையை நான் முடிந்துகொள்வதற்குள் மகள் வாசலைத் தாண்டி ரோட்டில் இறங்கியிருந்தாள்.