வினுஷா ஜெயரட்ணத்தின் மரண அறிவித்தல்

வினுஷா ஜெயரட்ணம் கிளாஸ்கோவில் பிறந்தவள். மெல்பேர்ன் பத்திரிகைகள் அவளைப் பற்றி எழுதினால் "ஸ்கொட்லாந்து ஓவியர், நிகழ்த்துக் கலைஞர்" என்று எழுதும். மெல்பேர்னின் மேற்கே வெரிபீயிலும் பொயிண்ட் குக்கிலும் இருக்கிற எங்கள் இலங்கைத் தமிழ்ச் சனம் அவ்வளவு நீட்டி முழக்குவதில்லை. "அந்த விசர்ப் பெட்டை", அந்தப் பைத்தியக்காரி என்றால் எல்லோருக்கும் விளங்கிவிடும்.

சனத்தையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படித்த பெட்டை. அவள் படிக்கும்போதே தகப்பன் ஜெயரட்ணம் போய்ச் சேர்ந்துவிட்டார். தாய் சிவனேஸ்வரி ஒரு ஹொட்டேலின் சலவை அறையில் நின்று, கை தோல் உரிய உரிய உழைத்துப் படிப்பித்தார். மகள் டொக்டராக வருவாள் என்று ஊரெல்லாம் சொல்லியும் வைத்திருந்தார். மகளோ கலைக் கல்லூரிக்குப் போனாள். முதலில் கரித்துண்டால் சுவர் அளவுக்குப் படம் கீறினாள். பிறகு கீறுவதை விட்டுவிட்டுத் தானே படமாக மாறினாள். மூடிக் கிடந்த கடையொன்றின் கண்ணாடிக்குப் பின்னால் ஹொட்டேல் படுக்கை விரிப்பைச் சுற்றிக்கொண்டு பொழுது சாயும்வரை அசையாமல் இருந்தாள். இன்னொரு மாரிக் குளிரில் ஆற்றங்கரையில் ஒரு பனிக்கட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அது கரைந்து தீரும்வரை நின்றாள். வெள்ளைக்காரர்கள் மெச்சினார்கள். ஒரு பரிசும் கிடைத்தது. அந்தப் பரிசுதான் அவளை மெல்பேர்னுக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

எங்கே போனாலும் அவளுக்கு ஒரு குறை இருந்தது. பார்க்க வருகிறவர்களில் ஒரு தமிழ் முகம் கிடையாது. அதைவிடப் பெரிய குறை, பெற்ற தாயே ஒருநாளும் வந்ததில்லை. மகளுக்கு வதிவிட உரிமை கிடைத்ததும் சிவனேஸ்வரியும் வெரிபீக்கு வந்து ஒரே வீட்டில்தான் இருந்தார். ஆனாலும் வரமாட்டார்.

"உயிரோடை இருக்கிற பிள்ளை பிணம் மாதிரிக் கிடக்கிறதை நான் என்னத்துக்கு வந்து பாக்கோணும்?" என்பார்.

"அம்மா, just once. ஒருக்கா வந்து பாருங்கோ."

"நீ ஒரு நல்ல காரியம் செய். அப்ப வாறன்."

அம்மா ஒருமுறை வந்து பார்க்கவேண்டும், அவ்வளவுதான் வினுஷாவுக்கு வேண்டியிருந்தது. பரிசும் பத்திரிகையும் அதற்குப் பிறகுதான். அந்த ஆசை அவளுக்குள் கிடந்து புளித்துப்போய், கடைசியில் நஞ்சாகிவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

யாராவது செத்துப்போனால் மட்டும் சிவனேஸ்வரி தவறமாட்டார். முகம் தெரியாத ஆளாக இருந்தாலும் வெள்ளைச் சேலையைச் சுற்றிக்கொண்டு ரெயில் ஏறி, நகரின் அந்தத் தொங்கலில் இருக்கிற கிளென் வேவர்லி என்றாலும் போய் நிற்பார். "நல்லதுக்குப் போகாட்டிலும் கெட்டதுக்குப் போகோணும்" என்று சொல்லிக்கொண்டுதான் செருப்பைப் போடுவார். ஒருநாள் அப்படி அவர் படியிறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் வினுஷாவுக்கு அந்த எண்ணம் வந்தது. எங்கள் சனம் கலைக்கு வராது, சாவுக்கு வரும்.

நரேன் என்று ஒரு பொடியன் இருந்தான். பகலில் கம்பியூட்டர் வேலை, ஓய்வு நேரத்தில் எங்கள் ஆட்களுக்கு மரண அறிவித்தல் வடிவமைத்துக் கொடுப்பான். ஆள் போன கையோடு வட்ஸ்அப்பில் உலகம் சுற்றுகிற அந்த அறிவித்தல்கள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு மூலையில் விளக்கு, நடுவில் சிரித்த முகப் படம், கீழே பிறப்பிடம், வதிவிடம், இன்னாரின் மகள், இன்னாரின் மருமகள் என்று ஒரு வம்சமே வரிசையில் நிற்கும். வினுஷாவுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. ஆகவே நரேனிடம் போனாள்.

அவன் முதலில் பயந்தான். "அக்கா, உயிரோடை இருக்கிற ஆளுக்கு இது கூடாது."

"It's art, நரேன். கீழ கலை நிகழ்வு எண்டு போடுவம்."

போட்டான். "ஸ்கொட்லாந்து கிளாஸ்கோவைப் பிறப்பிடமாகவும், அவுஸ்திரேலியா மெல்பேர்னை வதிவிடமாகவும் கொண்ட செல்வி வினுஷா ஜெயரட்ணம் அவர்கள் அகால மரணமானார். அன்னார், காலஞ்சென்ற ஜெயரட்ணம், சிவனேஸ்வரி தம்பதிகளின் ஏக புத்திரியும், விமலாதேவி (கனடா) அவர்களின் அன்புப் பெறாமகளும் ஆவார்." பார்வைக்கு வைக்கும் இடமாகக் கலைக்கூடத்தின் முகவரி, சனிக்கிழமை. தொடர்புக்கு ஒரு இலக்கம் இல்லாமல் அறிவித்தல் நிறைவாகாது என்றான் நரேன். வினுஷா யோசிக்காமல் தாயின் இலக்கத்தைக் கொடுத்தாள். தாயிடம் ஒரு சொல் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் கீழே, எறும்பு அளவு எழுத்தில், "இது ஒரு கலை நிகழ்வு."

சனிக்கிழமை காலை அதைத் தனக்குத் தெரிந்த நாலைந்து பேருக்கு அனுப்பிவிட்டு, போனைக் கலைக்கூடத்து அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். முகத்துக்கு மா பூசி, பட்டுச் சேலை உடுத்து, சவப்பெட்டிக்குள் படுத்தாள். மேலே மெல்லிய வலைத்துணி போட்டார்கள். கூடம் மூடும்வரை கண் திறப்பதில்லை, வாய் திறப்பதில்லை என்பது அவள் தனக்கே போட்ட சட்டம்.

வெளியே அறிவித்தல் கைமாறத் தொடங்கியது. யாரோ ஒருவர் விளக்கும் படமும் பெரிதாகத் தெரியட்டும் என்று இலக்கத்துக்குக் கீழே இருந்த ஓரத்தை வெட்டிவிட்டு அனுப்பினார். எறும்பு எழுத்து அத்தோடு போயிற்று. மிச்சம் பாரிஸுக்குப் போனது, லண்டனுக்குப் போனது, ரொறன்ரோவில் நித்திரையிலிருந்த சிவனேஸ்வரியின் தங்கை விமலாதேவியை எழுப்பியது.

சிவனேஸ்வரி அப்போது பொயிண்ட் குக்கில் நாகலட்சுமியின் வீட்டில் இருந்தார். நாகலட்சுமி சேலத்துப் பெண், ஆஸ்பத்திரியில் வேலை. அவளுடைய இரண்டு குழந்தைகளையும் பார்த்துக்கொள்வது சிவனேஸ்வரிதான். போன் அடித்தது.

"அக்கா, பெட்டைக்கு என்ன நடந்தது?" என்று யாரோ அழுதார்கள்.

எந்தப் பெட்டை என்று கேட்டிருக்கிறார். அவர்கள் அறிவித்தலையே அனுப்பிவிட்டார்கள்; அதில் மகளின் படமும் கலைக்கூடத்து முகவரியும் இருந்தன. மகளுக்கு எடுத்துப் பார்த்தார், போன் அடித்துக்கொண்டே இருந்தது, அவள் எடுக்கவில்லை.

"ஆன்ட்டி, ஒண்ணும் ஆயிருக்காது, நான் கார் எடுக்கிறேன், வாங்க" என்று வேலைக்கு வெளிக்கிட்டு நின்ற நாகலட்சுமி குழந்தைகளையும் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓட்டினாள்.

கூடத்தில் எங்கள் சனம் வரிசையில் நின்றது. வெள்ளைக்காரர்கள் சுவரோரம் கை கட்டி நின்றதை எங்கள் சனம் மரியாதை என்று நினைத்தது. எங்கள் சனம் அழுததை வெள்ளைக்காரர்கள் நிகழ்ச்சி என்று நினைத்தார்கள். அப்படி ஒரு கூத்து. யாருக்கும் யாரையும் கேட்கத் தோன்றவில்லை.

சிவனேஸ்வரி வாசலிலேயே விழுந்தார். எழுந்து வந்து பெட்டியைக் கட்டிப்பிடித்தார். "என்ரை குஞ்சு, என்னை விட்டிட்டு எங்கையடி போனாய், உன்ரை அப்பாவை இழந்தும் உனக்காகத்தானேயடி இருந்தனான்" என்று தலையைப் பெட்டியில் மோதிக்கொண்டு அழுதார். அந்தச் சத்தத்தில் சுவரோரம் நின்றவர்களே தலை குனிந்தார்கள்.

வினுஷாவுக்கு எல்லாம் கேட்டது. அம்மாவின் கண்ணீர் வலைத்துணிக்கூடாக அவள் கழுத்தில் விழுந்தது. கண்ணைத் திறந்தால் போதும். அவள் திறக்கவில்லை. அம்மா வந்துவிட்டாள் என்பதுதான் முதலில் தோன்றியது, அதில் ஒரு சந்தோஷமும் இருந்தது. இவ்வளவு நாளும் செய்ததில் இதுதான் உச்சம் என்பது அடுத்துத் தோன்றியது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கிடந்தாள். எந்தக் கலைக்காகவும் இதை மன்னிக்க என்னால் முடியாது. தாயின் குரல் அடைத்து, மூச்சு இழுக்கத் தொடங்கிய பிறகுதான் கண்ணைத் திறந்தாள்.

சிவனேஸ்வரி அடிக்கவில்லை, ஏசவில்லை. மகளின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். மூக்குக்கு முன்னால் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு நாகலட்சுமியின் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தார்.

மகள் வீட்டுக்கு வந்ததும், குசினி அடுப்பில் தண்ணீர் வைத்துக்கொண்டே ஒன்றே ஒன்று சொன்னார்: "அறிவித்தல் போட்டுச் சாவைக் கூப்பிட்டிட்டாய். கூப்பிட்டு வந்தது வெறுங்கையோட போகாது."

"அம்மா, please. அதெல்லாம் மூடநம்பிக்கை."

"ஓம். எனக்கு மூடநம்பிக்கைதான்."

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு பயம் குடியேறிவிட்டது. மகள் ரெயிலுக்குப் போனால் தாய் வாசலிலேயே நிற்பார். இருமினால் ஓடிவருவார். குளியலறைக் கதவைப் பூட்டவிடமாட்டார். வெள்ளிக்கிழமை மட்டும் பிடித்த விரதம் செவ்வாய்க்கும் வந்தது, பிறகு திங்களுக்கும் வந்தது. ஆள் அரைவாசியாகிப் போனார். வினுஷா கெஞ்சிப் பார்த்தாள், கத்திப் பார்த்தாள், ஒன்றும் எடுபடவில்லை.

பத்திரிகைகளோ கொண்டாடின. "பெயர் தெரியாத அந்தத் தாயின் அழுகை" என்று ஒரு விமர்சகர் ஒரு பந்தியே எழுதினார். சிட்னியிலிருந்து அழைப்பு வந்தது, பெரிய கலைக்கூடம். அதே படைப்பை அங்கேயும் செய்யவேண்டும். அந்த அழுத பெண்ணையும் கூட்டிவர முடியுமா, தனியாகச் சம்பளம் கொடுக்கலாம் என்றும் கேட்டிருந்தார்கள். வினுஷா அந்த வரியைத் தாயிடம் சொல்லவில்லை. சிட்னிக்குப் போகிறேன் என்பதை மட்டும் சொன்னாள்.

"போ. படம் கீறு, நாட்டியம் ஆடு, என்னவும் செய். இன்னொருக்காப் பெட்டிக்குள்ள மட்டும் படுக்காதை, பிள்ளை. உன்ரை காலைப் பிடிக்கிறன்."

"இது ஒரு பெரிய chance, அம்மா. இந்த முறை அறிவித்தல் ஒண்டும் இல்லை."

சிவனேஸ்வரி மகளின் தலையைத் தடவினார். "நான் கோயிலில அம்மாளாச்சியிட்டக் கேட்டுப்போட்டன். பெட்டையை விட்டிட்டு என்னை எடு எண்டு. நீ போய் வா."

அதைக் கேட்டும் அவள் போனாள். விமானத்தில் ஏறி இருக்கையில் அமர்ந்தாள். திரும்பிவிடலாமா என்று நினைத்தாள். கதவைச் சாத்திவிட்டார்கள்.

சிட்னியில் பெட்டி மினுமினுப்பான புதுப்பெட்டி. போனைப் பூட்டினார்கள். அவள் படுத்தாள். அன்று கூட்டம் அலைமோதியது, ஆனால் யாரும் அழவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அவள் ஒரு குரலுக்காகக் காத்துக்கிடந்தாள். அந்தக் குரல் வரப்போவதில்லை என்று தெரிந்தும் காது அதைத்தான் தேடியது.

வெரிபீயில் சிவனேஸ்வரி விரதத்தோடு வேலைக்கு வெளிக்கிட்டு, குசினியில் விழுந்தார். ஆள் வரவில்லையே என்று தேடிப்போன நாகலட்சுமிதான் ஜன்னல் வழியாகக் கண்டு அம்புலன்ஸைக் கூப்பிட்டாள். மூளையில் இரத்தக் கசிவு. நாகலட்சுமி எடுத்த அழைப்பெல்லாம் சிட்னியில் பூட்டிய அலுமாரிக்குள் கிடந்தது. கூடம் மூடி, முகத்து மாவைத் துடைத்துக்கொண்டு வினுஷா போனைத் திறந்தபோது, நாகலட்சுமிதான் பேசினாள்.

"வினுஷா, எங்க இருந்தீங்க? ஆன்ட்டி போயிட்டாங்க. கடைசி வரைக்கும் உங்களுக்கு ஒண்ணும் ஆகலயேன்னுதான் கேட்டுட்டே இருந்தாங்க."

மறுநாள் நரேன் அறிவித்தல் செய்தான். அவனே ஒருமுறை தயங்கி, "அக்கா, உண்மையாத்தானே?" என்று கேட்டான். விளக்கு, சிரித்த முகப் படம், பிறப்பிடம், வதிவிடம், எல்லாம் முறைப்படி வைத்தான். அது வட்ஸ்அப்பில் போனது. பதிலுக்கு வந்தவை சிரிக்கிற முகங்கள். "இந்த முறை தாயையும் சேர்த்தாச்சோ?" என்று ஒருவர். "உள்ள போக ரிக்கெட் எவ்வளவு?" என்று இன்னொருவர். "விளையாட்டு வினையாகும் பிள்ளை, கவனம்" என்று ஒரு பெரியவர். நாகலட்சுமி தனக்குத் தெரிந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். அவர்கள் சேலத்துக்காரர், கோயம்புத்தூர்க்காரர். எங்கள் சனத்துக்கு அவர்களைத் தெரியாது, அவர்களுக்கு எங்கள் சனத்தைத் தெரியாது.

பார்வைக்கு வைத்த மண்டபத்தில் கதிரைகள் சும்மா கிடந்தன. யாருடைய செத்த வீட்டுக்கும் போகாமல் விடாத மனுஷி, தன்னுடையதில் தனியே கிடந்தார். நாகலட்சுமி இருந்தாள், நரேன் இருந்தான், ஐயர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வினுஷா ஒவ்வொருவராக அழைத்தாள். சிலர் எடுக்கவில்லை, சிலர் வைத்துவிட்டார்கள். கடைசியாக ரொறன்ரோவுக்கு எடுத்தாள்.

"சித்தி, அம்மா செத்துப்போட்டா."

விமலாதேவி பெருமூச்சு விட்டார். "போன முறை நான் உனக்காண்டி ரெண்டு நாள் பச்சைத் தண்ணியும் குடிக்கேல்லை. உனக்கு எங்களைப் பாத்தா எப்பிடித் தெரியுது?"

"சித்தி, சத்தியமாச் சொல்லுறன். This is real. நான் அம்மாக்குப் பக்கத்திலதான் நிக்கிறன்."

"அழாதை. நீ அழுதாலும் நான் நம்பமாட்டன். பக்கத்திலயோ நிக்கிறாய்?"

"ஓம், சித்தி."

"அப்ப அக்காவைக் குடு. அவ ஒரு சொல்லுச் சொல்லட்டும், நான் நம்பிறன்."

வினுஷா பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"குடு பிள்ளை" என்றார் விமலாதேவி. "நான் லைனில நிக்கிறன்."