ஒரே நம்பரில் இரண்டு பெண்கள்

எங்கள் லேபில் ஒரே ஆள் ஐந்து ஆளாக இருப்பார். ரத்தம் கொடுக்க வரும்போதெல்லாம் கவுண்ட்டரில் இருப்பவர் அவசரத்தில் புதிதாகப் பதிந்துவிடுவார். வீட்டில் கூப்பிடும் பெயரில் ஒரு பதிவு, ஆதார் பெயரில் ஒரு பதிவு, இனிஷியலை முன்னால் போட்டு ஒன்று, பின்னால் போட்டு ஒன்று. போன வருஷம் சர்க்கரை எவ்வளவு இருந்தது என்று டாக்டர் கேட்டால் அத்தனையையும் திறந்து தேட வேண்டும். அந்தக் கவுண்ட்டரில் ஒன்பது வருஷம் உட்கார்ந்தவள் நான். அந்த அவசரப் பதிவுகளில் பாதி என் கைங்கரியம்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

சென்னையில் தாம்பரத்தை ஒட்டிய கேம்ப் ரோடு பக்கம் இருக்கிற சின்ன லேப் அது. புது சாஃப்ட்வேர் வாங்கினார் எங்கள் சார். பழைய பதிவுகளை நீங்களே சுத்தம் செய்து கொடுங்கள் என்று கம்பெனிக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். சார் எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். “நான் கத்துக்கிட்டுப் பண்றேன் சார்” என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது. நாற்பத்திரண்டு வயதில் இன்னும் எத்தனை காலம் “சாப்பிட்டு வந்தீங்களா, வெறும் வயித்துல வந்தீங்களா” என்றே கேட்டுக்கொண்டிருப்பது என்ற எரிச்சலாக இருக்கலாம்.

தாம்பரத்தில் ஒரு பிரியாணிக் கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. டேட்டாபேஸ் சொல்லித்தருகிற மேடம் என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். வாரநாட்களில் நாவலூரில் ஒரு ஆபீஸில் இதே வேலை, ஞாயிற்றுக்கிழமை எங்களோடு மாரடிப்பு. நான் பி.காம் படித்தபோது கணினியைக் கண்ணாடிக் கதவு வழியாகத்தான் பார்த்தேன். முதல் இரண்டு வாரம் ஒரு கமா விட்டுப்போனதற்கெல்லாம் அந்த மெஷின் என்னைத் திட்டியது. கீழே இருந்து வருகிற பிரியாணி வாசனையில் பசி வேறு. எழுந்து போய்விடலாம் என்று நான் பையைத் தூக்கியபோதெல்லாம் அந்தப் பெண், “அக்கா, ஒரே ஒரு தடவை” என்பாள். ஒரு நாளும் என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை. அவள் நன்றாக இருக்க வேண்டும்.

அவளிடம் ஒரு கறார் உண்டு. எதையும் தொடுவதற்கு முன்னால் பதிவுகள் மொத்தத்துக்கும் ஒரு நகல், அவள் பாஷையில் காப்பி, எடுக்க வேண்டும். எடுத்தால் மட்டும் போதாது, அதை வேறு பெயரில் திறந்து உள்ளே எல்லாம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். “திறந்து பாக்காத காப்பி காப்பியே இல்லக்கா. அது வெறும் நம்பிக்கை” என்பாள். எனக்கு இது வேண்டாத வேலையாகப் பட்டது. ஆனாலும் டீச்சர் பேச்சைத் தட்டி வளர்ந்தவள் இல்லை நான். முணுமுணுத்துக்கொண்டே செய்தேன்.

அப்புறம் என் சொந்தப் புத்தியைக் காட்டினேன். ஒரே ஆள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பெயரை நம்ப முடியாது. போன் நம்பர் ஒன்று, ஆணா பெண்ணா என்பதும் ஒன்று, பிறந்த வருஷமும் ஒன்று என்றால் அது ஒரே ஆள்தான். இப்படி ஒரு விதி எழுதி, ஒட்டுமொத்தப் பதிவுகளையும் ஓட விட்டேன். நூற்றுக்கணக்கான பதிவுகள் ஒன்றோடொன்று சேர்ந்து மறைந்தன. அட, என்ன சுகம்! வீடு பெருக்கி முடித்து முறத்தைத் தட்டிவிட்டு நிற்கிற மாதிரி இருந்தது. சார் எல்லோர் முன்னாலும் கைதட்டினார். நான் தரையில் கால் பாவாமல்தான் அன்றைக்கு வீட்டுக்குப் போனேன்.

அடுத்த சனிக்கிழமை ஒரு கர்ப்பிணிப் பெண் ரிப்போர்ட் வாங்க வந்தாள். ஏழாம் மாதம், முதல் பிள்ளை. கறுப்பு புர்கா, கையில் பழைய ரிப்போர்ட் வைத்த பிளாஸ்டிக் உறை. புதுத் தாளை வாங்கிப் படித்தவள் நகரவில்லை.

“அக்கா, போன தடவை ஓ நெகட்டிவ்னு போட்டிருந்தீங்க. இதுல பி பாசிட்டிவ்னு இருக்கே?”

எங்கள் லேபில் ரத்த வகையை ஒருமுறை பார்த்துப் பதிந்துவிட்டால், அடுத்தடுத்த ரிப்போர்ட்டுகளின் தலைப்பில் அது தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அவளுக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது. தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னேன்: “பழைய சிஸ்டத்துல நிறைய தப்பு இருந்துச்சும்மா. இப்ப எல்லாம் க்ளீன் பண்ணிட்டோம். புதுசுதான் கரெக்ட்.”

“அப்ப திங்கக்கிழமை அந்த ஊசி போட வேணாமா?”

“பாசிட்டிவ்னா எதுக்கும்மா ஊசி?”

அவள் முகம் மலர்ந்ததை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். “அல்ஹம்துலில்லாஹ்! உங்க வாய்க்கு சர்க்கரை போடணும்க்கா” என்று சொல்லிவிட்டுப் போனாள். நானும் சிரித்தேன். எவ்வளவு நல்ல காரியம் செய்துவிட்டோம் என்ற சிரிப்பு!

மறுநாள் வகுப்பில் மேடம் போர்டில் ஒரு கேள்வி எழுதினாள். ஒரு ஆளை இன்னொரு ஆளிடமிருந்து எது பிரித்துக் காட்டும்? நான் கையைத் தூக்கிக்கொண்டு என் போன் நம்பர் விதியைப் பெருமையாக எடுத்துவிட்டேன். பக்கத்தில் உட்காரும் மேடவாக்கத்துப் பெண் குறுக்கே வந்தாள். “அக்கா, எங்க மாமியார் வூட்ல பொம்பளைங்க மட்டும் அஞ்சு பேரு. கேஸ், ஸ்கூல், ஆஸ்பத்திரி, எங்க கேட்டாலும் எங்க மச்சாண்டார் நம்பரைத்தான் குடுப்போம். உங்க கணக்குல நாங்க அஞ்சு பேரும் ஒரே ஆளா?”

வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். பாதிச் சிரிப்பில் அந்தப் பிளாஸ்டிக் உறை கண்ணுக்கு முன்னால் வந்தது. அம்மாவுக்கு நெகட்டிவ், அப்பாவுக்கு பாசிட்டிவ் என்றால் ஏழாம் மாதத்தில் ஒரு ஊசி போட வேண்டும். விட்டுவிட்டால், பிள்ளையின் ரத்தத்தை எதிர்க்க அம்மாவின் உடம்பே பழகிக்கொள்ளலாம். இந்தப் பிள்ளை தப்பினாலும் அடுத்த பிள்ளையைக் காவு வாங்கும். ஒன்பது வருஷம் லேபில் இருந்தவளுக்கு இது தெரியாதா? தெரிந்துதான் “எதுக்கும்மா ஊசி” என்று சொல்லியிருக்கிறேன்.

மேடத்திடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் திட்டவில்லை. “காப்பியைத் திறந்து பாத்தீங்கதானே?” என்று கேட்டாள். பார்த்தேன் என்றேன். “அப்ப எதுவும் போகலக்கா. ஓடுங்க. புதுசு மேல அதைப் போட்டுடாதீங்க, இந்த வாரம் பதிஞ்சது அழிஞ்சிடும். தனியா திறங்க. கிளாஸ் முடிஞ்சதும் நான் வரேன்.”

ஷேர் ஆட்டோவில் லேபுக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்கு லேபை மூடிவிடுவோம். பழைய காப்பியைத் திறந்து அந்த நம்பரைத் தேடினேன். திரையில் இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒரே நம்பர், ஒரே வருஷத்தில் பிறந்தவர்கள், ஒரே தெரு. ஒருத்தி ஓ நெகட்டிவ், இன்னொருத்தி பி பாசிட்டிவ். ஓரகத்திகளாகத்தான் இருக்க வேண்டும். இரண்டு பேரையும் பிசைந்து ஒருத்தியாக்கி, பின்னால் வந்தவளின் ரத்த வகையை முன்னால் வந்தவளுக்குக் கொடுத்திருக்கிறேன்.

அந்த நம்பருக்குப் போன் செய்தேன். கடைச் சத்தத்துக்கு நடுவே ஒரு ஆண் குரல். லேபிலிருந்து பேசுகிறேன், உங்கள் வீட்டு அம்மாவிடம் பேச வேண்டும் என்றேன்.

“எந்த அம்மா? எங்க வூட்ல நாலு லேடீஸ் கீறாங்க.”

“மாசமா இருக்கறவங்க சார்.”

“ஓ, தம்பி சம்சாரமா? அது அம்மா வூட்டுக்குக் கிளம்பிக்கினு கீது. மூணு மணிக்கு ஆம்பூருக்கு வண்டி சொல்லிட்டேன். ரிப்போர்ட்லாம் நார்மல், ஊசி வேணாம்னு நீங்கதான் சொன்னீங்களாமே?”

போனில் சொல்லித் தீர்க்கிற விஷயம் இல்லை இது. விலாசம் கேட்டுக்கொண்டு மறுபடி ஆட்டோ ஏறினேன். போகிற வழியில் சாருக்குப் போன் செய்து, நான்தான் தப்பு செய்தேன் என்று சொன்னேன். “திட்டறதை நாளைக்குத் திட்டறேன். முதல்ல அந்தப் பொண்ணைப் பாரு” என்று வைத்துவிட்டார்.

வீட்டு வாசலில் பெட்டிகள் கட்டி வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவள் “அக்கா!” என்று சந்தோஷமாக எழுந்து வந்தாள். ஓரகத்தி டம்ளரில் சர்பத் கொண்டுவந்து நீட்டினாள். அந்த டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு, குடிக்க முடியாமல், எல்லாவற்றையும் கொட்டினேன். உங்கள் இரண்டு பேரையும் ஒரே ஆள் என்று சேர்த்துவிட்டேன், உனக்கு நெகட்டிவ்தான், ஊசி போட்டே ஆக வேண்டும் என்றேன்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். “எங்க அக்காவுக்கும் நெகட்டிவ்தான். ஊசி விஷயம் யாரும் சொல்லல. ரெண்டாவது புள்ளை வயித்துக்குள்ளயே போச்சு” என்றாள். “நேத்து அந்தப் பேப்பரை துபாய்ல இருக்கற எங்க வீட்டுக்காரருக்கு போட்டோ எடுத்து அனுப்பினேன். அவரு போன்ல அழுதாரு, சந்தோஷத்துல.”

டம்ளரைக் கீழே வைத்தேன்.

பிறகு அவள் கேட்டாளே ஒரு கேள்வி, அதுதான் எனக்குப் பாடம். “முதல்ல ஒண்ணு சொன்னீங்க. நேத்து அது தப்புன்னீங்க. இன்னிக்கு நேத்து சொன்னது தப்புங்கறீங்க. நான் எதைக்கா நம்பறது?”

“என்னை நம்பாதம்மா. எந்தப் பேப்பரையும் நம்ப வேணாம். வா, உன் ரத்தத்தை நீயே பாரு” என்றேன்.

ஓரகத்தியையும் சேர்த்து மூவரும் ஒரே ஆட்டோவில் லேபுக்கு வந்தோம். டெக்னீஷியன் அக்கா கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றாள். விஷயத்தைச் சொன்னதும் பையைக் கழற்றி வைத்தாள். இரண்டு வெள்ளை ஓடுகளை எடுத்து, இரண்டு பேர் விரலிலும் குத்தி, ஓடு ஒன்றுக்கு மூன்று சொட்டு ரத்தம் வைத்து, நீலம், மஞ்சள், நிறமில்லாத மருந்து என்று ஒவ்வொரு சொட்டு விட்டுக் கலக்கினாள். நீலம் ஏ-யையும், மஞ்சள் பி-யையும், நிறமில்லாதது பாசிட்டிவையும் காட்டிக்கொடுக்கும். ஓரகத்தியின் ஓட்டில் இரண்டாவதும் மூன்றாவதும் திரிந்த பால் மாதிரி திட்டுத்திட்டாக உடைந்தன. இவள் ஓட்டில் மூன்றும் அப்படியே கிடந்தன. டெக்னீஷியன் ஓட்டை ஆட்டிக் காட்டினாள். எதுவும் உடையவில்லை.

இரண்டு பெண்களும் குனிந்து இரண்டு ஓடுகளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். “உன்னுது வேற, என்னுது வேற” என்றாள் ஓரகத்தி. இவள் மச்சாண்டார் கடைக்குப் போன் போட்டு, ஆம்பூர் வண்டியை வேண்டாம் என்று சொல்லச் சொன்னாள்.

மேடம் சொன்னபடியே வந்தாள். மதியச் சாப்பாடு இல்லாமல் என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் சேர்த்ததை எல்லாம் பிரித்துப் பழையபடி வைத்தாள். ரத்த வகை மாறிப்போன பதிவுகள் இன்னும் ஆறு இருந்தன. ஆறு பேரையும் நானே போனில் கூப்பிட்டு, தப்பு என்னுடையது என்று சொன்னேன். இரண்டு பேர் காது கிழியத் திட்டினார்கள். இப்போதெல்லாம் முதல் நாள் வருகிற ஒவ்வொருவருக்கும் எங்கள் லேப் ஒரு எண் கொடுக்கிறது. போன் மாறினாலும் பெயர் மாறினாலும் அந்த எண் மாறாது. இந்தச் சின்ன விஷயத்தைக் கற்க நான் ஒரு பிள்ளையின் உயிரோடு விளையாடியிருக்கிறேன்.

திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். யாரும் கூப்பிடவில்லை. ஊசி போட்டு முடித்து, அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போகச் சொன்னார்கள். அவள் இடுப்பைத் தேய்த்துக்கொண்டே என் பக்கத்தில் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள்.

“செம வலிக்கா.”

“நல்லா வலிக்கட்டும்.”

இரண்டு பேரும் சிரித்தோம். கொஞ்ச நேரம் கழித்து அவள் கேட்டாள்: “நீங்க வராமலே இருந்திருக்கலாம்ல? யாருக்கும் தெரிஞ்சிருக்காதே.”

பொய் சொல்ல வரவில்லை. “நேத்து உங்க வீட்டுக்கு வரும்போது ஆட்டோவுல எனக்கும் அது தோணுச்சும்மா. திரும்பிடலாமான்னு” என்றேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து தள்ளி உட்காரப் போகிறாள் என்று நினைத்தேன். “திரும்பலையே” என்றாள். அவ்வளவுதான். அவள் தலை மெல்ல என் தோளில் வந்து சாய்ந்தது.

எத்தனை பேருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். கறாரான மேடத்துக்கு, குறுக்கே பேசிய மேடவாக்கத்துப் பெண்ணுக்கு, பையைக் கழற்றி வைத்த டெக்னீஷியனுக்கு, மறுநாளைக்குத் திட்டு வைத்த சாருக்கு. அவர் சொன்னபடி அன்றைக்குத் திட்டவும் செய்தார், அது வேறு. இவளுக்கு ஒரு வார்த்தை சொல்லலாம் என்று திரும்பினால் மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது.

நர்ஸ் வந்து, “அரை மணி நேரம் ஆயிடுச்சு, கிளம்பலாம்” என்றார்.

“கொஞ்சம் இருங்க சிஸ்டர்” என்றேன். “தூங்கறா.”