நான்காம் நாள் கொடுத்த கஷாயம்

எனக்கு எழுபத்திரண்டு முடிந்துவிட்டது. பெற்றது மூன்று, வளர்த்தது நான்கு. நான்காவது, என் தங்கை விட்டுப்போன பெண். நான்கு பேரையும் காய்ச்சல், சளி என்று ஆஸ்பத்திரி வாசல் மிதிக்காமல் என் கஷாயத்திலேயே வளர்த்தேன் என்பதில் எனக்கு மிதப்பு உண்டு. மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. எழுத்துக் கூட்டிப் படிப்பேன். எங்கேயும் கைநாட்டு வைத்ததில்லை.

கொரோனா இரண்டாம் முறை வந்தபோது எங்கள் வீட்டுக்காரருக்கு மூச்சுத் திணறி, சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எனக்கும் தொற்று இருந்தது, ஆனால் எழுந்து நடக்க முடிந்தது. ஆள் பற்றாத நேரம் என்பதால் அவர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்க விட்டார்கள். மூக்கும் வாயும் மூடி ஆக்சிஜன் முகமூடி. விரலில் ஒரு கிளிப். அதில் ஓடும் எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன். தொண்ணூறுக்கு மேலே இருந்தால் தண்ணீர் குடிப்பேன்.

இரண்டாம் நாள் ஒரு டாக்டர் அம்மா வந்தாள். என் கடைசி மகள் வயதுதான் இருக்கும். உடம்பு முழுக்க மூடிய உடுப்பு, கண்ணாடிக்குள் வேர்வை. கொரோனா முற்றியவர்களுக்கு ஒரு புது மாத்திரையைச் சோதிக்கிறோம், சேர்கிறீர்களா என்று கேட்டாள். இப்போது கொடுக்கும் ஊசி, ஆக்சிஜன் எல்லாம் எல்லாருக்கும் உண்டு. அதோடு பாதிப் பேருக்கு மருந்துள்ள மாத்திரை, மீதிப் பேருக்குப் பார்க்க அதே மாதிரி இருக்கும், மருந்து இல்லாத மாத்திரை. அப்போதுதான் மாத்திரை வேலை செய்கிறதா என்று தெரியுமாம்.

"எங்களவருக்கு எதுன்னு உங்களுக்காச்சும் தெரியுமுங்களா, அம்மிணி?" என்று கேட்டேன்.

"எனக்கும் தெரியாதும்மா. கம்ப்யூட்டர்தான் பிரிச்சுக் குடுக்குது. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க, மத்த வைத்தியம் நிக்காது."

படிக்கத் தெரியாதவர்களுக்குச் சாட்சி வைத்து வாசித்துக் காட்டிக் கைநாட்டு வாங்குவார்களாம். நர்ஸ் மைப்பெட்டியைத் திறந்தாள். நானே படிக்கிறேன் என்று காகிதத்தை வாங்கினேன். முதல் பக்கம் முடிக்கவே அந்த டாக்டருக்குக் கால் வலித்திருக்கும். மீதியை அவளே வாசித்தாள். அவரைக் கேட்டோம், தலையை ஆட்டினார், கோணல்மாணலாகப் பெயரைக் கிறுக்கினார். கீழே நான் கையெழுத்துப் போட்டேன்.

காலை ஒன்று, மாலை ஒன்று. மாத்திரை கொடுக்க முகமூடியைக் கழற்ற வேண்டும். கழற்றினால் எண் இறங்கும். எண்பத்தெட்டு, எண்பத்தாறு. அவர் விழுங்கி முடிப்பதற்குள் எனக்கு உயிர் போய் வரும்.

எண் ஏறவும் இல்லை, அடியோடு இறங்கவும் இல்லை. இவருக்கு வந்தது வெறும் மாத்திரையோ என்ற நினைப்பு மூன்றாம் நாள் என்னைப் பிடித்துக்கொண்டது. பச்சைத்தண்ணீரை மருந்தென்று குடிக்கிறவர் மாதிரி அவர் எனக்குத் தெரிந்தார். பெரியவனுக்குப் போன் போட்டு, எதை எவ்வளவு போட்டுக் காய்ச்ச வேண்டும் என்று சொன்னேன். ஆடாதொடை, சித்தரத்தை, மிளகு, இன்னும் இரண்டு. மறுநாள் பகலில் பிளாஸ்க் வந்தது. நர்ஸ் அந்தப் பக்கம் போன நேரம் பார்த்து அரை டம்ளர் கொடுத்தேன். காய்ச்சல் மயக்கத்திலேயே முகம் சுளித்துக் குடித்தார்.

ஒரு மணி நேரத்தில் வாந்தி. பிறகு வயிற்றுப்போக்கு. எண் எண்பத்திரண்டு. ஆட்கள் ஓடி வந்தார்கள். ஆக்சிஜனைக் கூட்டினார்கள், நரம்பில் மருந்து ஏற்றினார்கள். பெரிய டாக்டர் அந்தப் பெண்ணிடம், மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது, இவருக்கு நிறுத்திவிடு, மேலே எழுதிப் போடு என்று சொல்லிக்கொண்டு போனார். எதிர்க் கட்டில்காரரும் அதே சோதனையில் இருந்தவர். அவர் மனைவி என்னிடம் வந்து, எங்களுக்கும் வேண்டாம் என்று சொல்லிவிடட்டுமா அக்கா என்று கேட்டாள். பிளாஸ்க் என் புடவைக்கடியில் சூடாக இருந்தது.

சொன்னால் என்னை வெளியே அனுப்பிவிடுவார்கள். தண்ணீருக்குக் கையை நீட்டினாலும் பார்க்க ஆளில்லாமல் அவர் கிடப்பார். சொல்லாவிட்டால், வந்தது மருந்துள்ள மாத்திரையாக இருந்தால், அது என்னால் நிற்கும். எதிர்க் கட்டில்காரருக்கும் நிற்கும். நான்கு பிள்ளைகளை வளர்த்த கஷாயம் கெடுதல் செய்தது என்று என் வாயாலேயே சொல்ல வேண்டும் என்பதும் இருந்தது. அதை இப்போது மறைக்கப்போவதில்லை.

எழுந்துபோய் அந்தப் பெண்ணின் மேசை மேல் பிளாஸ்கை வைத்தேன். "மாத்திரையில்லீங்க அம்மிணி. இதை நான் குடுத்தனுங்க."

மூடியைத் திறந்து பார்த்தாள். "என்னென்ன போட்டீங்க? எத்தனை மணிக்குக் குடுத்தீங்க?"

ஒவ்வொன்றாகச் சொன்னேன், எழுதினாள். என்னை வெளியே அனுப்பப் போகிறீர்களா என்று கேட்டேன். "நீங்க போயிட்டா அவரு யார் பேச்சைக் கேப்பாரு? இனிமே அவர் வாய்க்குள்ள போறது எதுன்னாலும் எனக்குத் தெரியணும்." கஷாயத்தாலும் இருக்கலாம், மாத்திரையாலும் இருக்கலாம், நோயாலும் இருக்கலாம், மூன்றையும் எழுதி அனுப்புகிறேன் என்றாள். எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னேன். காட்டினாள். அன்று மாலை மாத்திரை இல்லை. மறுநாள் மேலிருந்து அனுமதி வந்து மறுபடி கொடுத்தார்கள். எதிர்க் கட்டில்காரரின் மனைவி மாத்திரையை வாங்கிக்கொள்கிறாளா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வாங்கிக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு வந்தோம். எந்த மாத்திரை என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. கஷாயச் சங்கதியை நான் அவரிடம் சொல்லவே இல்லை. மயக்கத்தில் குடித்தது அவருக்கு நினைவில்லை. விசேஷ வீட்டுக்குப் போனால், சோதனை மாத்திரை குடலையே புரட்டிவிட்டது என்று கதை சொல்லுவார். நான் பேசாமல் இருப்பேன்.

போன வாரம் அவர் தம்பி போன் செய்தார். தனக்கிருக்கும் நோய்க்கு ஒரு புது மருந்தைச் சோதிக்கிறார்களாம், சேரட்டுமா என்று கேட்டார். "கையெழுத்துப் போட்றாதடா, நான் பட்டது போதும்" என்றார் இவர். அன்று மதியம்தான் இந்த நோட்டை எடுத்தேன். ஒரு நாளைக்கு ஒரு பக்கம்தான் எனக்கு ஓடும்.

பேத்தி வந்திருக்கிறாள். அவளுக்கு அப்பிச்சியான எங்கள் வீட்டுக்காரர் உள்ளே உட்கார்ந்து டிவி பார்க்கிறார். டிவியை நிறுத்திவிட்டு வரச் சொல்லி, நோட்டைப் பேத்தி கையில் கொடுத்தேன்.

"இதைப் படி சாமி. உங்க அப்பிச்சிக்குக் கேக்கற மாதிரி, சத்தமாப் படி."